மருந்துக்கு ஒரு வீடு

எல் ஆல்தோ,
ஜூலை 14

புவெனஸ் ஐரிஸ் மாநகரில் தையல் இயந்திரங்களையும் தையல்காரிகளையும் ஒரே அதட்டலில் ஓட்டிக்கொண்டிருப்பவரும், அப்பாவின் ஒரே தங்கையும், எனக்கு வாய்த்த ஒரே அத்தையுமான ஃபெலிசா அத்தை அவர்களின் சமூகத்துக்கு, அண்ணன் மகன் லிம்பெர்த் பணிவோடும் குளிர் நடுக்கத்தோடும் எழுதிக்கொள்வது:

நாங்கள் மூவரும் நலம். நலமில்லாதவர்கள் எல்லோரும் ஒரு சன்னலைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது யாருடைய சன்னல், ஏன் தட்டுகிறார்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தங்கள் நலத்தையும் தங்கள் முழங்கால்களின் நலத்தையும் தனித்தனியே அறிய ஆவல். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அம்மா ஒப்பவில்லை. வீட்டுச் சேதியைப் போனில் சொன்னால் காற்றோடு போய்விடுமாம், காகிதத்தில் எழுதினால்தான் நிற்குமாம். "நடந்தது அத்தனையும் எழுதுடா. ஒண்ணும் விடாத, ஒண்ணும் சேக்காத. முக்கியமா உன் வாலைச் சேக்காத" என்று சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து ஊதாச் சோளத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஆகவே வாலைச் சுருட்டி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுத் தொடர்கிறேன்.

எல்லாம் ஜனவரி இருபத்துநாலாம் தேதி ஆரம்பித்தது. அலசிதா சந்தை என்றால் அலசிப் பார்த்து வாங்க வேண்டும் என்று அதன் பெயரிலேயே இருக்கிறது. அப்பாவுக்குத்தான் அது உறைக்கவில்லை. வருடத்துக்குள் வேண்டியதை உள்ளங்கை அளவு பொம்மையாக வாங்கி, உச்சிப் பன்னிரண்டு மணிக்குப் பூசை போட்டு, வீட்டில் செல்வம் தரும் எகேகோ சாமிக்கு முன்னால் வைத்தால் அது நிஜ அளவில் வந்து சேரும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தாங்களே இரண்டு பொம்மைத் தையல் இயந்திரம் வாங்கித்தானே அந்த ஊர் போய்ச் சேர்ந்தீர்கள். இந்த வருடம் அம்மா கேட்டது வீடு. பதினோரு வருடமாக நாங்கள் இருக்கும் வாடகை அறைகளில் வீட்டுக்காரி மாலை ஏழு மணிக்குக் குழாய்க்குப் பூட்டுப் போடுகிறாள், கழிப்பறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்குகிறாள், நமக்கு அவசரம் என்றால் முதலில் அவளை எழுப்ப வேண்டும், அவள் எழுந்திருப்பதற்குள் அவசரமே அலுத்துப்போய்விடும். அம்மாவுக்கு அறம், பொருள், இன்பம் மூன்றையும் யாராவது எடுத்துக்கொள்ளட்டும். வீடு மட்டும் போதும். அந்த வீட்டுக்கு ஒரு சாவி, அது அவள் இடுப்பில். அவ்வளவுதான் வேண்டுதல்.

அன்றைக்கு அவளுக்குக் கஞ்சி வியாபாரம் உச்சத்தில் இருந்ததால் அப்பாவைச் சந்தைக்கு அனுப்பினாள். இரண்டு அறை, ஓட்டுக் கூரை, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். தங்கள் அண்ணனைத் தங்களுக்குத் தெரியும். குளிர்பதனப் பெட்டியே தேவைப்படாத ஊரில் குளிர்பதனப் பெட்டி பழுதுபார்த்துப் பிழைப்பவர், எதையும் அவசரப்படாமல் செய்வார். பத்து மணியிலிருந்து ஒரே கடையில் ஒரே பொம்மை வீட்டுக்குப் பேரம் பேசினார். பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குக் கடைக்காரி கோபித்துக்கொண்டு அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாள். மணி அடித்துவிட்டது, கூட்டம் தள்ளுகிறது, புகை கண்ணை மறைக்கிறது. அப்பா பக்கத்துக் கடையில் கைக்கு அகப்பட்ட வீட்டை எடுத்து, பூசாரியிடம் நீட்டி, சாராயம் தெளித்து, பூவிதழ் தூவி, சாம்பிராணி காட்டி, வெற்றியோடு வீடு திரும்பினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முன்சுவரில் பச்சைச் சிலுவை. உள்ளே வரிசையாக அலமாரி. அலமாரியில் கடுகு கடுகாய்ப் புட்டிகள்.

"என்னங்க இது?"

"வீடுதான்."

"இது மருந்துக்கடைங்க."

"சிலுவை இருந்துச்சா, கோயில் பக்கத்து வீடு போலன்னு எடுத்துட்டேன்."

"பச்சைச் சிலுவை எந்தக் கோயில்ல இருக்கு?"

அப்பா யோசித்தார். இன்றுவரை யோசிக்கிறார். நான் சும்மா இருந்திருக்கலாம். "போகட்டும்மா, மருந்துக்காவது ஒரு வீடு கிடைச்சிருச்சே" என்றேன். கஞ்சிக் கரண்டி பறந்து வந்ததால் அதற்குமேல் அன்று பேசவில்லை. பூசை போட்டதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அம்மா வழக்கப்படி எகேகோ சாமியின் வாயில் சிகரெட்டைப் பற்றவைத்து, மருந்துக்கடையை அவர் காலடியில் வைத்து, "நான் கேட்டது ஒண்ணு, இந்த மனுஷன் வாங்கினது ஒண்ணு. நீயே பாத்துச் செய்" என்று ஒப்படைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஜூன் மாதம் வரை வீடு தேடினோம் அத்தை, மருந்துக்குக்கூட ஒன்று அமையவில்லை. நம் கைக்கு எட்டுகிற வீடு எல்லாம் ஊர் எல்லைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. ஒன்றுக்குக் கூரை இல்லை, "வெளிச்சத்துக்கு விட்டிருக்கேன்" என்றார் விற்பவர். ஒன்றுக்குத் தெரு இல்லை. இன்னொன்றை மூன்று பேர் ஒரே நாளில் தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்தார்கள், மூன்று பேரும் எங்களைப் பார்த்து மற்ற இருவரை நம்பாதீர்கள் என்றார்கள், அதில் மட்டும் மூவரும் உண்மை பேசினார்கள். கடைசியில் ஒரு விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த காகிதத்தை அப்பா படித்தார். வியா அரோரா குடியிருப்பில் வீடு விற்பனைக்கு. பஸ்களெல்லாம் கூடும் சேஹாவிலிருந்து மினிபஸ்ஸில் ஐம்பது நிமிடம். கடைசி நிறுத்தத்தில் இறங்கி வழி கேட்டால் ஓட்டுநர் "நானே இதுக்குமேல போனதில்ல தம்பி" என்கிறார். இறங்கி நடந்தோம். தெருக் கோடியில் இரும்புச் சுருள்கதவு போட்ட ஒரு வீடு. கதவுக்கு மேலே, வெயிலில் வெளுத்து, ஆனாலும் சந்தேகமில்லாமல், பச்சைச் சிலுவை.

அம்மா நின்ற இடத்திலேயே தொப்பியைக் கழற்றிவிட்டாள். உள்ளே அலமாரி வரிசை, சிமெண்டில் கட்டின மேசை, பின்னால் இரண்டு அறை, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. அம்மா ஒவ்வொரு அலமாரியாகத் தொட்டுத் தொட்டு அழ ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் தோன் சாதுர்னினோ, இருபது வருடம் அங்கே மருந்துக்கடை வைத்திருந்துவிட்டு மகளோடு இருக்கக் கொச்சபாம்பா போகிறவர். பெயரில் சாது, பேச்சில் சாதுர்யம். அப்பா பேரம் பேசத் தொண்டையைச் செருமினார். தோன் சாதுர்னினோ அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "எதுக்கு மேஸ்திரி கஷ்டப்படுறீங்க, வீட்டம்மா ஏற்கெனவே குடிவந்துட்டாங்களே" என்றார். பேரம் அத்தோடு செத்தது. அதற்கு மருந்தில்லை. அங்கே இருந்த மருந்தெல்லாம் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது.

ஆனால் வீடு சும்மா கைக்கு வந்துவிடுமா? குடியிருப்போர் சங்கம் முத்திரை குத்தினால்தான் பத்திரம் நகரும். முத்திரை இல்லாவிட்டால் குழாய் இணைப்பு இல்லை, மின்சாரம் இல்லை, தெருநாய்கூட நம்மை நம்பாது. சங்கத் தலைவி தோன்யா எர்மினியா. ஐந்தடுக்குப் பாவாடை, பழுப்புத் தொப்பி, கழுத்தில் ஒரு விசில். முதல் நாளே வந்து நின்றார்.

"மருந்துக்கடை எப்பத் திறக்கிறீங்க?"

"நான் ஃபிரிட்ஜ் ரிப்பேருங்க" என்றார் அப்பா.

"ஊசி மருந்து வைக்க ஃபிரிட்ஜ் வேணும்ல? அப்ப பாதி வேலை தெரிஞ்சவருதான் நீங்க."

"மீதிப் பாதி?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். முன்னூறு குடும்பம் இருக்கிற இடத்துல ஒரே மருந்துக்கடை இது. இதை மூடிட்டு நீங்க உள்ள கால் நீட்டிப் படுக்கவா நான் முத்திரை குத்தணும்? அடுத்த வார ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வாங்க. சங்கம் சொல்றதுதான்."

சங்கம் மறுத்தால் வீடு பீர்க் கிடங்கு வைக்க வந்திருக்கும் இன்னொரு ஆளுக்குப் போகும் என்று தோன் சாதுர்னினோ மிகுந்த வருத்தத்தோடு, வருத்தம் முகத்தில் தெரியாமல் சொன்னார். கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. அதுவரை சுத்தம் செய்துகொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்தார். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். கூட்டம் மறுத்துவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று தெரிந்தும், தூங்கும்போதுகூட எடுக்கவில்லை.

எனக்குக் குளிர்கால விடுமுறை. பகலில் காவல் இருந்து சுவர் சுரண்டும்படி என்னை அங்கே விட்டார்கள். விவகாரம் இங்கேதான் அத்தை, அம்மா எதிரில் இருப்பதால் முழுதாகவே எழுதுகிறேன். சுருள்கதவில் ஒரு சின்ன சன்னல் இருக்கிறது, அதைத் தட்டினால் மருந்து வரும் என்பது வியா அரோராவுக்கு இருபது வருடப் பழக்கம். முதல் நாள் நாற்பது பேர் தட்டினார்கள். நாற்பது தடவை "இல்லை" சொன்னேன். "இல்லை" சொல்லிச் சொல்லி எனக்கே தொண்டை கட்டி, நானே சன்னலுக்கு வெளியே போய்த் தட்டலாமா என்று இருந்தது. இரண்டாம் நாள் மேசை இழுப்பறையில் பழைய மருந்துச் சீட்டுக் கட்டு ஒன்று அகப்பட்டது. தூக்கம் வரவில்லை என்று முதலில் வந்தவர் தோன் எலோய், செங்கல் சூளைக்காரர். மருந்து இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், கை முந்திக்கொண்டது. "சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, இராச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு பக்கம். மூன்றாம் பக்கம் தாண்டக் கூடாது" என்று எழுதி, "மருத்துவர் எகேகோ" என்று கையெழுத்திட்டு நீட்டினேன். அவர் படித்தார், மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அப்புறம் சீட்டு நிற்கவில்லை. முடி கொட்டுகிறது என்றவருக்குக் காலையில் ஒரு தொப்பி, மாலையில் அதே தொப்பி. எடை கூடிவிட்டது என்ற அம்மாளுக்கு, கடைசி நிறுத்தத்துக்கு மூன்று நிறுத்தம் முன்னால் இறங்கவும். மதியமானால் தலைவலி என்றவளிடம், மதியமானால் யார் வருவார் என்று கேட்டேன், கொழுந்தி என்றாள். சீட்டில், கதவுக்கு உள்தாழ்ப்பாள், வேளைக்கு ஒன்று. மாத்திரை இல்லாத இடத்தில் மாத்திரைப் பொழுதில் ஊருக்கெல்லாம் வைத்தியம். மூன்றாம் நாள் சும்மா சீட்டு வாங்கவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள், நோய் இல்லாதவர்கள் வரிசையில் நின்றே நோயை யோசித்துக்கொண்டார்கள்.

ஒருத்திக்கு மட்டும் எழுதவில்லை. ரெனே என்ற இரண்டு வயதுப் பையனைப் போர்வையில் முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். பையன் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. சன்னல் வழியே கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன், பேனாவை வைத்துவிட்டேன். சுருள்கதவை இறக்கிவிட்டு இரண்டு பேரையும் மினிபஸ்ஸில் ஏற்றி சேஹாவுக்குப் பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஐம்பது நிமிடம். வழியில் எல்லா நிறுத்தத்திலும் ஓட்டுநர் நின்று நின்று ஆள் கூப்பிட்டார். அந்த ஐம்பது நிமிடத்தில்தான் தோன்யா எர்மினியா ஏன் விசிலும் கையுமாகத் திரிகிறார் என்று எனக்குப் புரிந்தது. பையன் இப்போது நன்றாக இருக்கிறான், எங்கள் வாசலில்தான் மண் தின்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடும் திடலில் கூட்டம். காற்று ஆளைத் தூக்குகிறது. தலைவி பெயர் கூப்பிட்டு முடித்ததும், மடியிலிருந்து ஒரு கத்தைச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்து அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தார். அங்கேயே என் சீட்டுக் கிழிந்தது என்று தெரிந்துவிட்டது.

"மருத்துவர் எகேகோ யாரு? கொஞ்சம் முன்னால வரட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா வானத்தைப் பார்த்தார். தலைவி ஒவ்வொரு சீட்டாக உரக்கப் படித்தார். தொப்பிகளுக்கு அடியில் சிரிப்புச் சத்தம். நடவடிக்கைக் குறிப்பு என்று படித்ததும் அதை எழுதும் செயலாளர் எழுந்து, சங்கத்தை அவமதித்த குடும்பத்துக்கு முத்திரை கூடாது என்றார். தோன் எலோய் எழுந்தார். "அவமதிப்பெல்லாம் இல்லீங்க. மூணாம் பக்கம் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. நான் ரெண்டாம் பக்கத்தையே பாக்கல. ஒரு வாரமா நல்லாத் தூங்குறேன்." செயலாளர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்துத் தொலைத்தேன். ரெனேயின் அம்மா எழுந்து, "என் புள்ளைக்கு இவன்தான் ஓடினான்" என்றாள். "ஒரு நாள் ஓடினா மருந்துக்கடை ஆயிருமா? நாளைக்கு இன்னொரு புள்ளைக்கு யார் ஓடுறது?" என்றார் தலைவி.

அப்போது அம்மா எழுந்தாள். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாதவள், கஞ்சி விற்கும் குரலிலேயே பேசினாள். "முன்னறை ஊருக்கு. பின்னறை ரெண்டும் எனக்கு. மருந்து தெரிஞ்ச ஒருத்தர் வந்து முன்னறையில கடை வைக்கட்டும். நான் குறுக்க வரமாட்டேன். சாவி மட்டும் என்கிட்ட இருக்கணும்." சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மருந்து தெரிஞ்ச ஒருத்தர் எங்கம்மா?" என்றார் செயலாளர். பீர்க் கிடங்கு ஆள் பின்னால் நின்று யாருக்கோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார். சரி, கை தூக்குங்கள் என்று தலைவி சொன்னபோது எண்ணிப் பார்த்தேன், பதினேழு கை. அதில் ஒன்று ரெனேயுடையது, அது செல்லாது. அம்மா மெதுவாக இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள் அத்தை. அதை நான் பார்த்துவிட்டேன். நேராக மேசைக்குப் போய், தோன்யா எர்மினியாவின் காதில் இரண்டே இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். "நெசமா?" என்றார். தலையாட்டினேன். தொப்பியைக் கழற்றி, தட்டி, திரும்பப் போட்டுக்கொண்டு செயலாளர் காதில் சொன்னார், செயலாளர் தோன் எலோய் காதில் சொன்னார், அது அம்மாவையும் அப்பாவையும் மட்டும் தாண்டிக்கொண்டு வரிசை வரிசையாகத் திடல் முழுக்கப் போனது. விசில் ஊதப்பட்டது. தூக்காத கையைத்தான் தேட வேண்டியிருந்தது. என்ன இருந்தாலும் நல்ல உள்ளங்கள். அந்த வார்த்தை என்ன என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "தயவுசெய்து மனமிரங்குங்கள்" என்று சொன்னேன் என்றேன், இரண்டு வார்த்தை சரியாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். முத்திரை விழுந்தது, பத்திரம் எழுதியாயிற்று. செயலாளரே தன் அக்கா மகளை, மருந்தாளர் படிப்பு முடித்துவிட்டு இடம் தேடிக்கொண்டிருந்தவளை, முன்னறைக்குக் கூட்டிவந்துவிட்டார்; அவள் அடுத்த மாதம் கடை திறக்கிறாள். அதுவரை அந்தச் சன்னலில் காலையில் அம்மாவின் கஞ்சி. தட்டுகிறவர்கள் இருமலோடு வந்து ஏப்பத்தோடு போகிறார்கள். அப்பா கூரைமேல் ஏறித் தொட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்து, இது நம்முடையதா என்று எங்களையே கேட்கிறார். இரவில் யாரையும் எழுப்பாமல் கழிப்பறைக்குப் போய்வந்தோம். முதல் நாள் அவசரமே இல்லாமல்கூட இரண்டு தடவை போனேன்.

ஆகஸ்ட் பதினைந்து வியா அரோராவின் ஆண்டுவிழா. அதற்குத் தாங்கள் அவசியம் வர வேண்டும், வீட்டுக்குச் சாராயம் தெளித்து முதல் பூ தாங்கள்தான் தூவ வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். எதுவும் கொண்டுவர வேண்டாம், ஒரு காசு செலவு செய்ய வேண்டாம், வெறும் கையோடு வந்து வயிறார இருந்துவிட்டுப் போனால் போதும் என்றும் சொல்லச் சொன்னாள். இங்கே எல்லோரும் தங்களை நாள் தவறாமல் விசாரிக்கிறார்கள், தங்கள் தொப்பி அளவைக்கூடக் கேட்டார்கள், அத்தனை பாசம். நானும் வாலை ஒட்ட நறுக்கிவிட்டேன் என்பதை அம்மா சாட்சியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் ஊசி முறியாமலும் நூல் அறாமலும் எகேகோ சாமி பார்த்துக்கொள்வாராக. அப்பா தங்கள் நெற்றியில் முத்தம் வைக்கச் சொன்னார், காகிதத்தில் வைத்திருக்கிறேன், கஞ்சிக் கறை அதுதான். அம்மா பத்து கட்டிப்பிடித்தல் அனுப்புகிறாள், எண்ணி வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் கால் தூசிக்குக் கீழே நிற்கும்,
லிம்பெர்த்

பின்குறிப்பு: இது உறையின் உள்பக்கத்தில் எழுதப்படுகிறது, ஏனென்றால் கடிதத்தை அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். அந்த இரண்டு வார்த்தை "ஃபெலிசா யுஹ்ரா". இந்த வருட ஆண்டுவிழாவைத் தன் செலவில் எடுத்து நடத்த ஆள் இல்லாமல் சங்கம் தவித்துக்கொண்டிருந்தது, ஒரு பெயர் சொன்னால் போதும் என்று தலைவி சன்னலில் என்னிடமே புலம்பியிருந்தார், தாங்கள் எடுத்து நடத்துகிறீர்கள். முன்னூறு குடும்பத்துக்குச் சாப்பாடு, இரண்டு நாள் ஆட்டம், இருபத்திரண்டு பேர் ஊதுகிற வாத்தியக் குழு; பதினெட்டு போதுமே என்று தங்கள் சார்பில் மன்றாடிப் பார்த்தேன், தலைவி மசியவில்லை. பீர், கிடங்கு வைக்க வந்தவரே தருகிறார், ஆளும் இப்போது நம் பக்கம். தாங்கள் வராவிட்டால் முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம், அம்மாவுக்கு இது தெரியாது. போன கார்னிவல் திருவிழாவுக்கு வந்தபோது அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணனுக்கு மட்டும் ஒரு வீடு அமையட்டும், ஊரையே ஆட வைக்கிறேன்" என்றீர்கள். ஊரை நான் ஏற்பாடு செய்துவிட்டேன் அத்தை. ஆட வைப்பது தங்கள் பாடு.